சித்தப்பாவின் ஜிமெயில்

போன் லாக் ஆகிவிட்டது என்று சொந்தத்தில் யாராவது கூப்பிட்டால், நான் முதலில் சொல்வது “ரீசெட் மட்டும் போட்டுடாதீங்க” என்பதுதான். பல நேரம் அதற்குள் போட்டு முடித்திருப்பார்கள். பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் போன் புதுசு மாதிரி ஆகிவிடும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். ஆகத்தான் செய்யும். எந்த மொழி, எந்த வைஃபை என்று கேட்டுக்கொண்டே வந்து ஒரு திரையில் நின்றுவிடும். இந்த போன் ரீசெட் செய்யப்பட்டிருக்கிறது, முன்பு இதில் இருந்த கூகுள் கணக்கைக் கொடுத்தால்தான் மேலே போக முடியும் என்று அந்தத் திரை சொல்லும். புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்கிக் கொடுத்தால் ஏற்காது. சிம்மை மாற்றினாலும் அசையாது. மறுபடி ரீசெட் போட்டாலும் அதே திரைதான் வரும்.

கடைக்காரர்கள் இதை எஃப்ஆர்பி லாக் என்பார்கள். ஃபேக்டரி ரீசெட் புரொடெக்‌ஷன் என்பதன் சுருக்கம் அது. ஜிமெயில் லாக் என்று சொல்பவர்களும் உண்டு. கோவில்பட்டியில் இருக்கும் என் சித்தியின் போன் இப்படித்தான் நின்றுபோனது. அதைத் திறந்ததைப் பற்றி விரிவாகவே எழுத நினைக்கிறேன். நம் வீடுகளில் எந்த போன் யாருடையது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அதற்குள் இருக்கும் கணக்கு யார் பெயரில் இருக்கிறது, யார் தொடங்கிக் கொடுத்தது, பாஸ்வேர்டு என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. சித்தியின் சிக்கல் முழுக்க அங்கேதான் இருந்தது. கவனித்துப் பார்த்தால் என்னிடம் வரும் முக்கால்வாசிப் பேரின் சிக்கலும் அதுதான்.

அது சித்தப்பா வாங்கிய போன். அவர் காலமான பிறகு சித்தி அதையே வைத்துக்கொண்டார். இரண்டு சிம் போடும் போன் என்பதால் சித்தப்பாவின் நம்பரும் உள்ளேயே இருந்தது. லீவுக்கு வந்த பேரன் விளையாட எடுத்தவன், பேட்டர்னை மாற்றி வைத்துவிட்டான். என்ன கோடு போட்டான் என்று அவனுக்கே நினைவில்லை. சித்தி போனைப் பக்கத்தில் இருந்த ஒரு செல்போன் கடைக்குக் கொண்டுபோனார். “லாக் எடுத்தா போதும்லம்மா?” என்று கடைப் பையன் கேட்டான். சித்தி ஆமாம் என்றார். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று அவன் சொல்லவில்லை, சித்திக்கும் கேட்கத் தெரியவில்லை. ரீசெட் போட்டான். அந்தத் திரை வந்ததும் “மெயில் ஐடி சொல்லுங்கம்மா” என்றிருக்கிறான்.

பக்கத்து வீட்டு போனிலிருந்து என்னைக் கூப்பிட்டார் சித்தி. “ஏய்யா, சித்தப்பா மெயிலக் கேக்கான். அவுகளே இல்ல, மெயிலுக்கு எங்கய்யா போக?”

நான் மதுரையில் இருக்கிறேன். கடையில் வேறு எதுவும் செய்ய விடாமல் போனை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை கிளம்பிப் போனேன்.

அந்தத் திரை ஏன் வருகிறது என்று சித்திக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் ரொம்பக் கோபமாக இருந்தார். “நம்ம போனுக்கு நம்மகிட்டயே கணக்குக் கேக்குது” என்றார். கோபம் நியாயமானதுதான். ஆனால் இந்தப் பூட்டு காரணம் இல்லாமல் வந்ததில்லை. 2012, 2013 வாக்கில் அமெரிக்க நகரங்களில் தெருவில் போனைப் பறிப்பது பெரிய தொல்லையாக இருந்தது. பறித்த போனை ரீசெட் போட்டால் புதுப் பெட்டியிலிருந்து எடுத்தது மாதிரி ஆகிவிடும், அதே நாளில் விற்றுவிடலாம். 2013-ல் மட்டும் அந்த நாட்டில் சுமார் 31 லட்சம் போன்கள் திருடப்பட்டிருக்கும் என்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை கணித்தது. நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் எரிக் ஷ்னைடர்மனும் சான் பிரான்சிஸ்கோ மாவட்ட அட்டர்னி ஜார்ஜ் காஸ்கோனும் சேர்ந்து, திருடனுக்கு உதவாதபடி போனைச் செய்யுங்கள் என்று கம்பெனிகளை நெருக்கினார்கள். ஆப்பிள் 2013 செப்டம்பரில் ஐபோனுக்கான ஐஓஎஸ் 7 மென்பொருளுடன் ஆக்டிவேஷன் லாக் என்ற பூட்டைக் கொண்டுவந்தது. 2014-ல் மின்னசோட்டாவும் கலிஃபோர்னியாவும் சட்டமே போட்டன. 2015 ஜூலை 1-க்குப் பிறகு தயாராகி அங்கே விற்கப்படும் ஸ்மார்ட்போன்களில் இந்த ஏற்பாடு இருந்தாக வேண்டும் என்றது கலிஃபோர்னியா சட்டம். கூகுள் 2015 மார்ச்சில் ஆண்ட்ராய்டு 5.1-இல் சேர்த்தது. அந்த ஏற்பாடுதான் இன்று நம்மூர்க் கடைகளில் எஃப்ஆர்பி லாக் என்று பேசப்படுகிறது.

வேலை செய்யும் விதம் எளிமையானது. போனில் கூகுள் கணக்கு ஒன்றைப் போட்டு, திரைப்பூட்டாக பின் நம்பரோ பேட்டர்னோ வைத்த உடனே இந்தக் காவல் தானாக இயங்க ஆரம்பிக்கும். யாரும் தனியாக ஆன் செய்ய வேண்டியதில்லை. அந்தக் கணக்கின் அடையாளம் போனின் நினைவகத்தில் ஒரு சின்னப் பகுதியில் எழுதப்படும். பட்டனை அழுத்தி வெளியிலிருந்து ரீசெட் போட்டால் படம், ஆப், மெசேஜ் எல்லாம் அழியும், அந்தச் சின்னப் பகுதி மட்டும் அழியாது. அதே ரீசெட்டை போனைத் திறந்து, செட்டிங்ஸ் வழியாக, பின் கொடுத்துப் போட்டால் அந்த அடையாளமும் சேர்ந்தே போய்விடும். உரிமைக்காரர்தான் செய்கிறார் என்று போன் எடுத்துக்கொள்ளும். ஆகவே ரீசெட்டில் இரண்டு வகை உண்டு. கடைப் பையன் போட்டது திருடன் போடும் வகை. அதனால் சித்தியையும் அது திருடன் மாதிரியே நடத்தியது.

பல போன்களில் அந்தத் திரையிலேயே, கணக்கு வேண்டாம், பழைய பின் அல்லது பேட்டர்ன் தெரிந்தால் அதைப் போடுங்கள் என்று ஒரு வழி இருக்கும். பேட்டர்ன் நினைவிருந்து, போன் மக்கர் செய்ததால் ரீசெட் போட்டவர்கள் அதை முதலில் பார்க்க வேண்டும். சித்தியின் போனிலும் அது இருந்தது. ஆனால் அது கேட்டது பேரன் போட்ட அதே பேட்டர்னை.

இந்த இடத்தில் கடைகள் இன்னொரு வழி சொல்லும். “பைபாஸ் பண்ணிடலாம்ணே” என்பார்கள். அறிமுகத் திரையில் இருக்கும் ஏதாவது ஓட்டை வழியாகப் புகுந்து பிரவுசரைத் திறப்பது, கம்ப்யூட்டரில் காசு கட்டி வாங்கிய மென்பொருளை வைத்து அந்தச் சின்னப் பகுதியைத் துடைப்பது என்று பல விதம். சில நூறு ரூபாய்க்கு முடிந்துவிடும் என்பதால் பலர் சம்மதிக்கிறார்கள். எனக்கு இது பிடிக்காது. முதல் காரணம், எங்கிருந்தோ இறக்கிய மென்பொருளை, நாளைக்கு வங்கி ஆப் போடப்போகும் போனில் ஓட்டுகிறார்கள். என்ன உள்ளே வைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது. இரண்டாவது, புதிய போன்களில் இது நிற்பதும் இல்லை. ஆண்ட்ராய்டு 15-இலிருந்து, அறிமுகத் திரையைத் தாண்டிக் குதித்து உள்ளே போய்விட்டாலும் பழைய கணக்கைச் சரிபார்க்கும் வரை புதுக் கணக்கு சேர்க்க விடாது, திரைப்பூட்டு வைக்க விடாது, புது ஆப் போட விடாது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். பைபாஸ் செய்தால் போன் என்ற பொருள் கிடைக்கும். கணக்கு கிடைக்காது. சித்தப்பா இத்தனை வருடம் சேர்த்து வைத்த நம்பர்கள் போனில் இல்லை, கணக்கில் இருந்தன. போனை மட்டும் திறந்து கொடுத்திருந்தால், காலி போன் ஒன்றை வைத்துக்கொண்டு சித்தி திருப்தி அடைந்திருப்பார், கணக்கு அங்கேயே அனாதையாகக் கிடந்திருக்கும்.

சரி, கணக்கை எப்படிக் கண்டுபிடிப்பது?

சித்தப்பா மெயில் அனுப்பியதே கிடையாது. வாட்ஸாப், யூடியூப், தினசரி ராசிபலன், ரயில் எங்கே வருகிறது என்று பார்க்கும் ஆப், அவ்வளவுதான். போன் வாங்கிய கடையிலேயே ஒரு ஜிமெயில் தொடங்கி, பிளே ஸ்டோரைத் திறந்து, வாட்ஸாப் இறக்கிக் கொடுத்திருப்பார்கள். நம்மூரில் ஆயிரக்கணக்கான வீடுகளில் ஜிமெயில் பிறந்த கதை இதுதான். வீட்டில் ஆண்ட்ராய்டு டிவி இருந்து அதே கணக்கைப் போட்டிருந்தால் அதன் செட்டிங்ஸில் முழு மெயில் முகவரியும் தெரியும். பழைய டேப், பழைய போன் எதிலாவது அந்தக் கணக்கு இன்னும் திறந்தே இருந்தால் வேலை இன்னும் சுலபம். சித்தி வீட்டில் இரண்டும் இல்லை.

மெயில் முகவரியே தெரியாதவர்களுக்கும் கூகுள் ஒரு வழி வைத்திருக்கிறது. உள்நுழையும் திரையில் மெயில் மறந்துவிட்டதா என்று ஒரு வரி இருக்கும். அதை அழுத்தினால் கணக்கோடு சேர்த்த போன் நம்பரைக் கேட்கும். அடுத்து கணக்கில் இருக்கும் பெயரைக் கேட்கும். இரண்டும் பொருந்தினால் அந்த நம்பருக்கு ஓடிபி அனுப்பும். அதைப் போட்டால் அந்த நம்பரில், அந்தப் பெயரில் இருக்கும் கணக்குகளைக் காட்டும்.

போன் நம்பர் விஷயத்தில் சித்திக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சித்தப்பா போன பிறகு அந்த நம்பரை எதற்கு ரீசார்ஜ் செய்கிறீர்கள் என்று நாங்களே கேட்டிருக்கிறோம். “கேஸு அந்த நம்பர்லதான் இருக்கு, சிலிண்டர் வந்தா அதுக்குத்தான் ஓடிபி வரும்” என்பார். ரேஷன் கார்டிலும் அதே நம்பர். மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மாற்றாமல் ரீசார்ஜ் போட்டுவந்தார். நம் நாட்டு விதிப்படி 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு நம்பரைக் கம்பெனி துண்டிக்கலாம். துண்டித்த நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைத்தான் சொன்னது. அதாவது இறந்தவரின் நம்பரைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு வருடத்துக்குள் அவருடைய ஓடிபி எல்லாம் முகம் தெரியாத ஒருவரின் போனுக்குப் போக ஆரம்பிக்கலாம். வங்கியைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள், ஜிமெயிலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

சிம்மை எடுத்து வீட்டில் இருந்த பட்டன் போனில் போட்டேன். டவர் வந்தது. முகவரி தேடும் வேலையை என் போனில் செய்யாமல், பூட்டிய அந்த போனிலேயே, சித்தி வீட்டில் உட்கார்ந்து செய்தேன். இது முக்கியம். கணக்கை மீட்க வருபவர் உண்மையான ஆள்தானா என்று முடிவு செய்யும்போது கூகுள், வழக்கமாகப் பயன்படுத்தும் கருவியிலிருந்தும் வழக்கமான இடத்திலிருந்தும் வருகிறதா என்பதையும் பார்க்கிறது. மதுரையில் உட்கார்ந்து என் லேப்டாப்பில் முயன்றிருந்தால் சந்தேகம்தான் கூடியிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்தே அப்பா அம்மா கணக்கை மீட்கப் பார்த்து மாட்டிக்கொள்வது இதனால்தான்.

நம்பரைக் கொடுத்தேன். பெயரைக் கேட்டது. எங்கள் பாடு அங்கேதான் ஆரம்பித்தது.

சித்தப்பா பெயர் சண்முகவேல். இதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? முதல் எழுத்து எஸ்ஸுக்குப் பிறகு ஹெச் உண்டா இல்லையா? நடுவில் வருவது யூவா ஏவா? வேல் என்பதில் ஒரு ‘இ’யா, இரண்டு ‘இ’யா? ஆதாரில் ஒரு மாதிரி இருந்தது, வங்கிப் பாஸ்புக்கில் இன்னொரு மாதிரி. வாக்காளர் அட்டையில் மூன்றாவது மாதிரி. இதோடு குடும்பப் பெயர் என்ற கட்டம் வேறு. நமக்கு இருப்பது இனிஷியல். அதை முன்னால் போட்டிருப்பார்களா, பின்னால் போட்டிருப்பார்களா, குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரையே முழுதாக எழுதியிருப்பார்களா? ஆதாரில் உள்ளபடி கொடுத்தோம், அப்படி ஒரு கணக்கு இல்லை என்றது. பாஸ்புக்கில் உள்ளபடி கொடுத்தோம், இல்லை. ரொம்ப நேரம் மாறி மாறிப் போட்டுக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்துக்குத் தடுத்து வைத்துவிடும் என்பதால் நிறுத்திவிட்டு யோசித்தோம்.

கணக்கைத் தொடங்கியவர் சித்தப்பா இல்லை, கடைக்காரர். அப்படியென்றால் பெயரை எழுதியதும் கடைக்காரர் கைதான். அவர் எப்படி எழுதுவார் என்று எங்கே தெரியும்? பில்லில் தெரியும்.

பரண் மேல் ஏறி போன் பெட்டியை எடுத்தோம். சித்தப்பா எந்தப் பெட்டியையும் தூக்கிப் போட மாட்டார், மிக்ஸி பெட்டிகூட இருந்தது. போன் பெட்டிக்குள் சார்ஜர் தாளுக்கு அடியில் நான்காக மடித்த பில். மை வெளிறிப்போய், வாங்கிய தேதி பாதி தெரியவில்லை. பெயர் மட்டும் தெளிவாக இருந்தது. ஹெச் இல்லை. நடுவில் யூ. இனிஷியல் கடைசியில், புள்ளி இல்லாமல். சில கடைகளில் பெட்டியின் உள்மூடியிலேயே மெயிலையும் பாஸ்வேர்டையும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக் கொடுப்பார்கள் என்பதால் மூடியையும் புரட்டிப் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை.

பில்லில் இருந்தபடியே பெயரையும் இனிஷியலையும் கொடுத்தேன். பட்டன் போன் கிணுகிணுத்தது. ஆறு இலக்க எண். அதைப் போட்டதும் திரையில் ஒரு மெயில் முகவரி வந்தது. சித்தப்பா பெயர், பின்னால் அவருடைய போன் நம்பரின் கடைசி இலக்கங்கள். அப்படி ஒரு முகவரி தனக்கு இருந்தது சித்தப்பாவுக்கே தெரிந்திருக்காது.

பாஸ்வேர்டு இன்னும் தெரியாது. ஆனால் முகவரி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கடைசியாக நினைவிருக்கும் பாஸ்வேர்டைக் கேட்டது. வேறு வழியில் முயல்க என்பதை அழுத்தினோம். மறுபடி அதே நம்பருக்கு ஓடிபி வந்தது, புது பாஸ்வேர்டு வைக்க விட்டது. எல்லாருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது. சில கணக்குகளுக்குச் சில நாள் காத்திருந்து பிறகு வரச் சொல்லும், சிலவற்றை மறுத்தும் விடும். மீட்புக்கான போன் நம்பரும் வேறொரு மெயிலும் கணக்கில் இருந்தால் வாய்ப்பு கூடும். பாஸ்வேர்டு மாற்றிய கையோடு அதை பூட்டிய போனில் போட்டால் ஏற்காமல் போகலாம். பாஸ்வேர்டு மாற்றினால் 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறது கூகுள், பழைய குறிப்புகளில் 72 மணி நேரம் என்றிருக்கும். திருடன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு உடனே உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காக. அதனால் போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டு, சித்தி வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கு அங்கேயே தங்கினேன். மறுநாள் சாயங்காலம் போட்டபோது திறந்துகொண்டது.

முதலில் வந்தவை நம்பர்கள். திரையில் ஒன்றும் இல்லாமல் இருந்த காண்டாக்ட்ஸ் பட்டியல் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. சித்தப்பா தமிழிலேயே பதிந்து வைத்திருந்தார். மோட்டார் ரிப்பேர், பால் பழைய ஆள், பால் புது ஆள், சுகர் டாக்டர் வீடு, சுகர் டாக்டர் கிளினிக், தேங்காய் பறிக்க. சித்தியின் நம்பர் எந்தப் பெயரில் இருக்கிறது என்று தேடினோம். ‘வீடு’ என்று இருந்தது. சித்தி சத்தம் போட்டுச் சிரித்தார், அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே “தேங்கா பறிக்கிறவன் நம்பர் இல்லாமத்தான் இத்தன நாளா காஞ்சு விழுந்துக்கிட்டு இருக்கு” என்று அவனைக் கூப்பிட்டார். புது நம்பர் பதியும்போது போனிலா, சிம்மிலா, கூகுளிலா என்று கேட்கும் அல்லவா, அதில் கூகுள் என்று இருந்ததால் இவை பிழைத்தன. அதைக்கூட அந்தக் கடைக்காரர்தான் அப்படி வைத்துக் கொடுத்திருப்பார். முகம் தெரியாத அந்த மனிதருக்கு இதற்காக நான் நன்றி சொல்கிறேன்.

படங்கள் வரவில்லை. இதைச் சித்தியிடம் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கூகுள் போட்டோஸ் சும்மா விட்டால் வைஃபை இருக்கும்போதுதான் படங்களை ஏற்றும். சித்தி வீட்டில் வைஃபை கிடையாது, எல்லாம் சிம் டேட்டாதான். வாட்ஸாப்பில் வரும் படங்கள் தனி ஃபோல்டரில் இருக்கும், அதையும் சேர்க்கச் சொன்னால்தான் சேர்க்கும். யாரும் சொல்லவில்லை. ஆகவே மேலே ஏறியவை ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தின் வைஃபையில் ஏறிய சில படங்கள் மட்டும்.

அழிந்த படங்களை எடுத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடைகள் உண்டு. மெமரி கார்டில் இருந்ததென்றால் முயலலாம். போனுக்குள்ளேயே இருந்து, ரீசெட்டும் போட்டாகிவிட்டது என்றால் நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து உள்ளே இருப்பதெல்லாம் குறியாக்கம் செய்துதான் வைக்கப்படுகிறது, அதற்கு முன்பே பல போன்களில் அது வந்துவிட்டது. ரீசெட் போடும்போது அதைப் படிப்பதற்கான சாவி அழிக்கப்படுகிறது. பூட்டிய பெட்டியை வைத்துவிட்டுச் சாவியை உருக்கி ஊற்றுவது மாதிரி. அதற்குப் பிறகு மிச்சம் இருப்பதை எந்தக் கடையாலும் படமாக மாற்ற முடியாது. இதற்காகத்தான் ரீசெட் போடும் முன் ஒரு நிமிடம் நிற்கச் சொல்கிறேன். பேட்டர்ன் மறந்தது அவ்வளவு பெரிய பிரச்சினை இல்லை. வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து யோசிக்கலாம். சில கம்பெனிகளின் போனில், அவர்களுடைய கணக்கை முன்பே போட்டு அனுமதித்திருந்தால், இன்னொரு கருவியிலிருந்து பூட்டைத் திறக்கும் வசதி உண்டு, சாம்சங்கில் அது இருக்கிறது. ரீசெட் கடைசி வழி.

சித்தப்பாவின் படங்களைச் சொந்தக்காரர்களிடம் கேட்டு வாங்கினோம். குடும்ப வாட்ஸாப் குரூப்பில் அவர் போட்டவை, மற்றவர்கள் போனில் இன்னும் இருந்தன. கும்பகோணத்து அத்தை ஒரு படத்தைக்கூட அழிப்பதில்லை. அவரிடமிருந்து நிறைய வந்தது. சித்தப்பா பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற படம் மட்டும் யாரிடமும் இல்லை. அது அவர் யாருக்கும் அனுப்பாத படம்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு வேறு நடைமுறை. அங்கே பூட்டு போனில் எழுதப்பட்டிருப்பதோடு நிற்காது, ஒவ்வொரு முறை அழித்துப் புதிதாகத் தொடங்கும்போதும் ஆப்பிளின் சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும். ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு போய்விட்டால் முதலில் அதை மீட்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் வாங்கிய அசல் பில்லைக் காட்டி ஆப்பிளிடம் விண்ணப்பிக்கலாம். சரிபார்த்து அவர்களே பூட்டை நீக்குவார்கள். பில் இல்லையென்றால் ரொம்பக் கஷ்டம். ஆக, எந்த போனாக இருந்தாலும் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த வெளிறிய தாள்தான் எங்களுக்கும் உதவியது.

பழைய போன் வாங்குபவர்கள் பலர் இந்தத் திரையில்தான் வந்து நிற்கிறார்கள். விற்பவர் ரீசெட் போட்டு ‘ஹலோ’ என்று வரும் திரையோடு கையில் கொடுப்பார், காசு கைமாறும், வீட்டுக்கு வந்து பார்த்தால் பழைய கணக்கைக் கேட்கும். விற்றவர் போனை எடுக்க மாட்டார். காசு கொடுக்கும் முன், அறிமுகத் திரை முழுவதையும் கடந்து முகப்புத் திரை வரை போய்ப் பாருங்கள். விற்பவர் உங்கள் முன்னாலேயே தன் கணக்கை நீக்கி, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் போட வேண்டும். *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐஎம்இஐ அடையாள எண்ணை எடுத்து, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து ஒரு இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த போன் தடுக்கப்பட்டதா இல்லையா என்று பதில் வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். 2023 மே மாதத்திலிருந்து அது நாடு முழுவதும் இருக்கிறது. போன் தொலைந்தால் முடக்குவதற்கும் அதுதான் வழி.

சித்தப்பாவின் கணக்கை என்ன செய்வது என்று ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. சித்தி அதை மூட விரும்பவில்லை. மூட வேண்டியதும் இல்லை. போனில் இருந்து பயன்பாட்டில் இருக்கும் வரை அது இருக்கும். இரண்டு வருடம் யாரும் தொடாத கணக்குகளை நீக்கலாம் என்ற விதியை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நடைமுறைப்படுத்துகிறது. அதனால் நினைவுக்காக வைத்திருக்கும் கணக்கையும் அவ்வப்போது திறக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே இதற்கு ஏற்பாடு செய்துவைக்கலாம். இத்தனை மாதம் நான் கணக்கைத் தொடாவிட்டால் இன்னாருக்குத் தெரிவி, இன்னின்ன விஷயங்களைக் கொடு என்று எழுதி வைக்கும் வசதியை கூகுள் 2013-லேயே கொண்டுவந்துவிட்டது. பத்துப் பேர் வரை குறிக்கலாம். ஆப்பிளில் 2021 கடைசியில் அதே மாதிரி ஒன்று வந்தது. ஏற்பாடு எதுவும் செய்யாமல் போனவர்களின் நெருங்கிய உறவினர்கள் கூகுளுக்கு விண்ணப்பிக்கலாம், கணக்கை மூடித் தருவார்கள், சில சமயம் உள்ளே இருப்பதையும் கொடுப்பார்கள். பாஸ்வேர்டு மட்டும் தரவே மாட்டார்கள்.

சித்திக்கு அவர் பெயரிலேயே, ஆதாரில் உள்ள எழுத்துப்படி, புதுக் கணக்கு ஒன்று தொடங்கிக் கொடுத்தேன். மீட்பு நம்பராக என் தங்கை நம்பரையும் சேர்த்தோம். மெயில் முகவரியும், ஓடிபி வாங்க முடியாதபோது உள்ளே நுழைய கூகுள் தரும் மீட்புக் குறியீடுகளும் கேஸ் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி இருக்கின்றன. படங்கள் சிம் டேட்டாவிலும் ஏறும்படி மாற்றினேன். சித்தப்பாவின் நம்பரை கேஸிலிருந்து மாற்றும் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும் முன் அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடப் போகவில்லை. ரீசெட் போடும் முன் மெயில் ஐடி தெரியுமா என்று கேளுங்கள், உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்று சொல்லுங்கள் என்று அந்தப் பையனிடம் சொன்னேன். “கேட்டா எல்லாரும் தெரியாதுன்னுதாண்ணே சொல்றாங்க. லாக்க எடுன்னு அவசரப்படுத்துறாங்க” என்றான். அவன் சொல்வதும் உண்மைதான். விற்கும்போதே பில்லில் மெயில் முகவரியை ஒரு வரி எழுதிக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். பில் போடுவது முதலாளி, அவரிடம் சொல்கிறேன் என்றான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் ஒரு தாளில் எழுதி, என் நம்பரையும் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.